அரசு வக்கீலும் லண்டன் வக்கீலும்

2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் ஒரே தீர்ப்பில் 28 அவதூறு வழக்குகளை ரத்து செய்தார். ‘தி இந்து’வின் என்.ராம், நக்கீரன் கோபால் உள்ளிட்ட பத்திரிகையாளர்கள் மீது தமிழக அரசு தொடுத்த வழக்குகள் அவை. அவற்றில் பல, ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது அவரையும் அவரது அரசையும் விமர்சித்த செய்திகளுக்காகப் போடப்பட்டவை. தீர்ப்பு வந்தபோது அவர் மறைந்து மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டு லண்டனில் ஒரு புத்தகத்தின் மீது வரிசையாக வழக்குகள் பாய்ந்தன. ஃபைனான்ஷியல் டைம்ஸின் முன்னாள் மாஸ்கோ செய்தியாளர் கேத்தரின் பெல்ட்டன் எழுதி, ஹார்ப்பர்காலின்ஸ் 2020இல் வெளியிட்ட ‘புடின்ஸ் பீப்பிள்’ அந்தப் புத்தகம். ரஷ்ய அதிபர் புடினைச் சுற்றியிருந்தவர்கள் பணத்தையும் அதிகாரத்தையும் எப்படிக் கைப்பற்றினார்கள் என்பதைப் பல ஆண்டுகள் விசாரித்து எழுதியிருந்தார். செல்சி கால்பந்து அணியின் அன்றைய உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச், மிகைல் ஃப்ரிட்மன், பியோத்ர் ஆவென், ரஷ்ய அரசு எண்ணெய் நிறுவனமான ராஸ்நெஃப்ட் எனப் பெரும்புள்ளிகள் ஒரே காலத்தில் நீதிமன்றப் படியேறினார்கள்.

இரண்டு ஊரிலும் நோக்கம் ஒன்றுதான், எழுதுகிற கையைத் தயங்க வைப்பது. ஆனால் தயங்க வைக்கும் வழி வேறு வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், இத்தகைய வழக்குகளைத் தடுக்க வெளிநாட்டில் வந்ததுபோல் இங்கும் ஒரு சட்டம் வந்தால் போதும் என்று பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

லண்டனில் ஆயுதம் பணம். வழக்குக்கு முன்பே வக்கீல் கடிதம் வரும். பக்கம் பக்கமாக, ‘ரகசியம், வெளியிடக் கூடாது’ என்ற தலைப்போடு. கடிதம் வந்த செய்தியைக்கூட எழுதக் கூடாதோ என்று பெறுபவர் குழம்ப வேண்டும் என்பதுதான் அந்தத் தலைப்பின் வேலை. இத்தகைய தலைப்புகளைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்று அங்குள்ள வக்கீல் ஒழுங்காற்று அமைப்பே 2022 நவம்பரில் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. கடிதத்துக்கு அஞ்சாதவர் கோர்ட்டுக்குப் போனால் செலவு மலைக்க வைக்கும். பெல்ட்டன் வழக்கில் முழு விசாரணை தொடங்கும் முன்பே பதிப்பகத்துக்கு 15 லட்சம் பவுண்டு செலவானது. ஒவ்வொரு வழக்காகச் சமரசத்திலோ வாபஸிலோ முடிந்தது. அப்ரமோவிச்சுடன் 2021 டிசம்பரில் ஏற்பட்ட சமரசத்தில் சில பகுதிகள் திருத்தப்பட்டன, ஒரு பிழைக்காகப் பதிப்பகம் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. அப்ரமோவிச்சுக்கு நஷ்ட ஈடு எதுவும் இல்லை. பிழையிருந்தால் திருத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஒரு பிழையைத் திருத்த இத்தனை லட்சம் பவுண்டு கரைய வேண்டுமா என்பதே என் கேள்வி. புத்தகம் தப்பித்தது, பெரிய பதிப்பகம் பின்னால் நின்றதால். தனி ஆளாக எழுதும் ஒருவர் முதல் கடிதத்திலேயே சுருண்டுவிடுவார்.

சென்னைக்கு வருவோம். இங்கே வழக்குப் போட்ட அமைச்சருக்குக் கைக்காசு ஒரு பைசா செலவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2)ஆம் பிரிவுப்படி, அமைச்சரோ அரசு ஊழியரோ பதவிப் பணி தொடர்பாக அவதூறுக்கு ஆளானதாகக் கருதினால், அவருக்காக அரசு வக்கீலே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்யலாம். அதற்குத் தேவை அரசின் அனுமதி. முதல்வரைப் பற்றிய செய்திக்கு முதல்வரின் அரசே அனுமதி கொடுக்கும், மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் வக்கீல் வழக்கு நடத்துவார். சாதாரண மனிதர் அவதூறு வழக்குப் போட வேண்டுமானால் தானே மாஜிஸ்திரேட் முன் போய்ச் சத்தியப் பிரமாணம் செய்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

இந்தப் பக்கம் குற்றவாளிக் கூண்டில் யார்? நிருபர், ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் எல்லாருக்கும் சம்மன் வரும். காலையில் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ‘ஆஜர்’ சொல்ல வேண்டும். அடுத்த வாய்தா தேதியை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். வர முடியாத நாளுக்கு மனு போட வேண்டும், மனு தள்ளுபடியானால் வாரண்ட் வரும் என்ற பயம் வேறு. இப்படி ஆண்டுகள் ஓடும். இரண்டு ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறதே, அந்தச் சிறைக்கு யாரும் போக வேண்டியதே இல்லை. வாய்தாவே தண்டனை. லண்டன்காரருக்குப் பணம் கரைகிறது, நம்மவருக்கு வாழ்நாள் கரைகிறது. சிறு பத்திரிகையின் நிருபருக்கு கோர்ட்டில் கழியும் நாள் செய்தி சேகரிக்காத நாள். அதைக் கண்ணால் பார்க்கும் பக்கத்து மேசைக்காரர் அடுத்த செய்தியில் அமைச்சர் பெயரை எடுத்துவிடுவார். வழக்கின் வெற்றி அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஐந்தாண்டில் தமிழக அரசு போட்ட அவதூறு வழக்குகள் 213, அவற்றில் ஊடகங்கள் மீது 55 என்ற கணக்கு 2016இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் அறிவுரை சொன்னார்கள். ஆனால் அதே ஆண்டு மே மாதம் அதே நீதிமன்றம்தான் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. மெக்காலே வரைந்து 1860இல் வெள்ளையர் நமக்குத் தந்துவிட்டுப் போன பிரிவு அது. தங்கள் நாட்டில் குற்றவியல் அவதூறை அவர்கள் 2009இல் சட்டம் இயற்றி ஒழித்துவிட்டார்கள்.

உண்மைக்குத் தரும் இடத்திலும் வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் எழுதியது உண்மை என்று நிரூபித்தால் போதும், வழக்கு விழும். நிரூபிக்கும் பாரம் எழுதியவர் தலையில்தான் என்பது அங்குள்ள குறை. இந்தியக் குற்றச் சட்டத்தில் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொது நன்மைக்கு என்றும் காட்ட வேண்டும். காட்ட விசாரணை நடக்க வேண்டும். விசாரணை என்றால் மறுபடி வாய்தா.

பொய் வழக்குப் போட்டவர் என்ன இழக்கிறார்? லண்டனில் தோற்றவர் எதிராளியின் செலவில் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும், பணக்காரருக்கும் அது கொஞ்சம் உறைக்கும். இங்கே, நியாயமான காரணமில்லாமல் தொடுத்த வழக்கு என்று செஷன்ஸ் கோர்ட் கருதினால் இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம் என்று பழைய சட்டத்தின் 237ஆம் பிரிவு சொன்னது. அதில் உச்சவரம்பு ஆயிரம் ரூபாயாக இருந்தது. பல ஆண்டு அலைச்சலுக்கு ஆயிரம் ரூபாய் என்று எழுதும்போதே கோபம் வருகிறது.

பிரிட்டன் 2023இல் பொருளாதாரக் குற்றச் சட்டத்தில் ஒரு வழி திறந்தது. பொருளாதாரக் குற்றம் பற்றிய செய்தியை முடக்கவே போட்ட வழக்கு என்று தெரிந்தால், செலவு ஏறும் முன்பே தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யலாம். மற்ற செய்திகளுக்கு அது பொருந்தாது, ஆகவே பாதிக் கதவுதான். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் நம் நிருபருக்கு உதவாது. அது சிவில் வழக்குக்கான மருந்து. நம் நோய் கிரிமினல் கோர்ட்டில், அதுவும் அரசு வக்கீலின் கையெழுத்தில் இருக்கிறது.

நீதிபதி அப்துல் குத்தூஸின் தீர்ப்பு அந்த இடத்தைத்தான் சரியாகத் தொட்டது. அமைச்சர் கொடுத்ததை அப்படியே கோர்ட்டுக்குக் கடத்தும் தபால் நிலையமாக அரசு வக்கீல் இருக்கக் கூடாது, வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று அவரே ஆராய வேண்டும் என்றது. விமர்சித்த குடிமகன் மீது அரசு ஆத்திரப்பட்டு வழக்குப் போடக் கூடாது என்றது. 2021 ஜூலையில் ஸ்டாலின் அரசு பத்திரிகையாளர்கள் மீதான 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றதும் நல்ல காரியமே. ஆனாலும் வழக்குப் போடுவதும் எடுப்பதும் ஆள்பவர் மனதைப் பொறுத்தது என்ற நிலை அப்படியே நிற்கிறது. 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபோது 199ஆம் பிரிவு 222 என்ற புதிய எண்ணோடு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அமைச்சரின் மானத்துக்கு அமைச்சரே தன் காசில் சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும் என்று அந்தப் பிரிவை எடுத்துவிட நாடாளுமன்றத்துக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது.