நெஞ்சழுத்தம் (சி.பி.ஆர்.)

இதயத் துடிப்பு நின்றவரின் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் சென்றுகொண்டிருக்க, நடு நெஞ்சைக் கைகளால் அழுத்தும் உயிர்காப்பு முறை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நாய்களை வைத்து ஆய்வு செய்த கை நிக்கர்பாக்கர், மின்னதிர்ச்சித் தகடுகளை நெஞ்சில் அழுத்தியதுமே ரத்த அழுத்தம் சற்று ஏறுவதைக் கவனித்தார். வில்லியம் கூவன்ஹோவன், ஜேம்ஸ் ஜூட் ஆகியோருடன் சேர்ந்து இம்முறையை விளக்கி அவர் எழுதிய கட்டுரை 1960-இல் வெளிவந்தது.

பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்பது இன்றைய அளவு. உள்ளங்கையின் அடிப்பகுதி மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் பதிய, முழங்கை மடங்காமல், உடல் எடையை நேராக இறக்க வேண்டும். விலா முறியுமோ என்று பயந்து மெதுவாக அழுத்தினால் ரத்தம் போதிய அளவு நகராது.

பலரும் கோட்டை விடுவது கையைத் தளர்த்தும் கணத்தில்தான். நெஞ்சு முழுதாக மேலெழும்போதே இதயத்துக்குள் ரத்தம் திரும்புகிறது; அப்போதும் சாய்ந்தபடி இருந்தால் அடுத்த அழுத்தத்துக்கு உள்ளே ரத்தம் குறைந்துவிடும். இடையில் நிறுத்தினாலும் கேடுதான். இதயத் தமனிகளில் அழுத்தம் சரிந்து, மீண்டும் ஏறப் பல அழுத்தங்கள் பிடிக்கும். இடைவெளி 10 வினாடியைத் தாண்டக் கூடாது.

களைப்பு, அழுத்துபவருக்கே தெரியாமல் ஆழத்தைக் குறைக்கும். எனவே 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது அவசியம். ஆழத்தையும் வேகத்தையும் உடனுக்குடன் காட்டும் உணரிகள் பயிற்சிப் பொம்மைகளிலும் மின்னதிர்ச்சி தரும் சில டிஃபிப்ரிலேட்டர்களிலும் உள்ளன.