துக்கியும் தோகையும்



கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பிறந்தவர்க்குத் தோகை என்ற சொல்லை ஏட்டில் படித்து அறியவேண்டிய தேவையில்லை. கரும்பு வெட்டும்போது கழித்துப்போடும் நீண்ட இலையை நம் உழவர் சோகை என்பர். தோகை என்பதே அவ்வாறு திரிந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் கடலைக் கொல்லையைக் கிளறிவிட்டு ஓடும் மயிலின் வாலும் தோகையே. வாலின் பெயரால் அப்பறவையையே சுட்டும்போது அது சினையாகுபெயர் என்று இலக்கண வகுப்பில் கற்றிருப்பீர்கள். இந்த எளிய சொல் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகட்கு முன்பே கடல் கடந்து எருசலேமுக்குச் சென்றது என்று ஒரு கொள்கை உண்டு.

விவிலியத்தின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியில் எழுதப்பெற்றது. அதிலுள்ள அரசர்கள் முதல் நூலின் பத்தாம் அதிகாரம் சாலொமோன் மன்னனுடைய செல்வத்தை விரித்துரைக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அவனுடைய கப்பல்கள் பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்குகள் ஆகியவற்றோடு 'துக்கிய்யீம்' என்பனவற்றையும் கொண்டுவந்தனவாம். 'ஈம்' எபிரேயத்தில் பன்மை விகுதி. அதை நீக்கினால் எஞ்சுவது 'துக்கி'. பழைய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் இங்கும், இதே செய்தியைத் திரும்பக் கூறும் நாளாகமத்திலும் மட்டுமே வருகிறது. 

திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், துக்கி என்பது நம் தோகையே என்றார். உலகில் எழுத்தில் பதிவான திராவிடச் சொற்களுள் இதுவே மிகப் பழையது என்பது அவர் முடிபு. வாசனைக் கட்டையைக் குறிக்கும் 'அகாலிம்' என்ற எபிரேயச் சொல்லையும் அறிஞர் அகிலோடு இணைப்பதுண்டு. அது தனிக் கதை.

நானும் பல ஆண்டுகள் இதை ஐயமற்ற உண்மையாகவே வகுப்பில் கூறிவந்தேன். ஒரு நாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, துக்கி என்றால் மயில்தான் என்று யார் சொன்னது?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. மாணவர் முன் அவ்வாறு நின்றது அதுவே முதன்முறை. சிறிது சினமும் வந்தது என்பதை மறைப்பானேன்?

தேடிப் படித்த பின்னரே அவ்வினாவின் கூர்மை விளங்கிற்று. கி.மு. காலத்துக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அரசர்கள் நூலில் அவ்விடத்தில் பறவையையே குறிக்கவில்லை. செதுக்கிய கற்கள் என்று எழுதிச் சென்றனர். இலத்தீனில் பெயர்த்த செரோம், கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, மயில் என்றார். யூதரின் அரமேய மொழிபெயர்ப்பும் மயில் என்றே கொண்டது. தமிழ் விவிலியத்திலும் மயில்கள் என்றே உள்ளது. தோகை என்று இல்லை! இருபதாம் நூற்றாண்டில் ஆல்பிரைட் என்ற அமெரிக்க அறிஞரோ, குரங்கைச் சுட்டும் ஓர் எகிப்தியச் சொல்லோடு துக்கியை இணைத்து, அது மற்றொரு வகைக் குரங்கே என்றார். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி.

ஆயின் கால்டுவெல் கூற்றை எளிதில் தள்ளிவிடவும் இயலாது. நீல மயிலின் தாயகம் இந்தியத் துணைக்கண்டமும் இலங்கையுமே. செங்கடலின் வடகோடியில், எசியோன்கேபேரில், சாலொமோன் கப்பல் கட்டினான் என்று அதே நூல் கூறுகிறது. அங்கிருந்து கிழக்கே வரக் கடல்வழி உண்டு. யானைத் தந்தமும் குரங்கும் ஆப்பிரிக்காவிலும் கிடைக்கும். மயில் என்பது உறுதியானால் கப்பல் வந்த திசை நம் பக்கமே என்பதற்கு வலுவுண்டு.

ஒலியிலும் ஒரு சிக்கல் உளது. தோகையில் ககரம் ஒற்றை, எபிரேயத்தில் இரட்டை. ஓகாரம் உகரமானதற்கும் காரணம் கூறவேண்டும். சொற்கள் துறைமுகம் துறைமுகமாக மாறிச் செல்கையில் இத்தகைய திரிபு நிகழக்கூடியதே. கரும்புக் கொல்லையில் தோகை சோகையாகவில்லையா? எனினும் நிகழக்கூடியது வேறு, நிகழ்ந்தது வேறு. சாலொமோன் காலத்தைச் சேர்ந்த தமிழ் எழுத்துச் சான்று எதுவும் நம் கையில் இல்லை. அரசர்கள் நூலும் அவனுக்குச் சில நூற்றாண்டுகள் பின்னரே இன்றைய வடிவம் பெற்றது. மயில் என்ற பொருளை ஏற்றால் தோகை என்ற விளக்கமே பொருத்தமானது என்பது என் கருத்து. அந்த 'ஏற்றால்' என்பதை விட்டுவிட எனக்கு உரிமையில்லை.

அடுத்த ஆண்டு அப்பாடம் வந்தபோது கரும்பலகையில் வழக்கம்போல் இரு சொற்களையும் எழுதினேன். நடுவே நான் இடும் சமக்குறியை அழித்து, வினாக்குறி இட்டேன்.