காஸா நினைவுகூரலும் இலங்கை அரசியல்வாதிகளும்

காஸாவில் மாண்டோருக்காக இலங்கை அரசியல்வாதிகள் செலுத்தும் அஞ்சலியில் பக்கச்சார்பும் பாசாங்கும் கலந்திருப்பதாக எழும் குற்றச்சாட்டு, 2023 ஒக்டோபருக்குப் பின் வலுத்தது. கல்முனை, சம்மாந்துறை, இறக்காமம் முதலிய அம்பாறை மாவட்ட முஸ்லிம் ஊர்களில் பலஸ்தீன் தேர்தல் மேடைக்கும் ஜும்ஆ துஆவுக்கும் பொதுவான விடயம் என்பதால், குற்றச்சாட்டுக்கும் அங்கே காது அதிகம்.

பலஸ்தீன ஆதரவு இலங்கையில் கட்சி பேதமற்றது. 1988இல் பலஸ்தீனத்தை அரசு தனிநாடாக ஏற்றது. அந்த ஆதரவின் முகமாக நெடுங்காலம் அறியப்பட்டவர் மஹிந்த ராஜபக்ஷ. 2014இல் ரமல்லா பகுதியில் ஒரு வீதிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. ஆனால் 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரிக்கும் வர்த்தமானி வந்தபோது பிரதமராக இருந்தவரும் அவரே. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான பாலகனின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துபோன கையோடுதான் அனுமதி கிடைத்தது. பின்னர் ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்குக் கொண்டு செல்லப்பட்டன. காஸாக் குழந்தைகளுக்காக உருகும் மேடைப் பேச்சை இந்த ஊர்கள் ஐயத்தோடு கேட்பதற்கு இது ஒன்றே போதும்.

ரணில் விக்கிரமசிங்கவின் அரசு 2024 நோன்பு காலத்தில் இப்தார் செலவைக் குறைத்துக் காஸாச் சிறுவர் நிதியம் தொடங்கி, 10 இலட்சம் டொலர் வழங்கியது. அதே அரசுதான் 2023 நவம்பரில் இஸ்ரேலின் தோட்டங்களுக்கு 10,000 தொழிலாளரை அனுப்ப உடன்பட்டது. 2024 ஜனவரியில் ஹூதிகளுக்கு எதிராகச் செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்புவதாகவும் அறிவித்தது. 2023 ஒக்டோபர் 7இல் இஸ்ரேல் மீது நடந்த தாக்குதலில், அங்கே வேலை செய்த இலங்கையர் இருவரும் கொல்லப்பட்டிருந்தனர். கூலிக்குப் போன அவர்களுக்கு எந்தத் தரப்பு மேடையிலும் நிரந்தர இடமில்லை.

ஆட்சி மாறியும் முரண்பாடு தீரவில்லை. பலஸ்தீனுக்காக நெடுங்காலம் குரல் கொடுத்த ஜே.வி.பி. தலைமையிலான அரசின் காலத்தில், 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய முஸ்லிம் இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார்.

குற்றச்சாட்டு தெற்கோடு நிற்பதில்லை. 2009 மே மாதம், உள்நாட்டுப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்த கையோடு, ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியபோது சவூதி அரேபியா, எகிப்து, பாகிஸ்தான் உள்ளிட்ட நாடுகள் அதை ஆதரித்தன. காஸாவுக்கு அழும் முஸ்லிம் தலைவர்கள் முள்ளிவாய்க்காலுக்கு ஏன் வாய் திறப்பதில்லை என்று தமிழர் கேட்பதன் பின்னணியில் அதுவும் உண்டு. காஸாவை முள்ளிவாய்க்காலோடு ஒப்பிடும் தமிழ்த் தலைவர்கள், 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் சுடப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தவிர்ப்பது ஏன் என்பது முஸ்லிம்களின் எதிர்க்கேள்வி. இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டுக்கும் இதுவரை நேரான பதில் இல்லை.

எரிக்கப்பட்ட ஜனாஸாக்களுக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில். ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்போது இரண்டு மாதமே இருந்தது.