ஆட்டிசம்: குற்றவாளி ஆக்கப்பட்ட தாய் ஆசிரியை ஆன கதை

இரண்டு வயதில் "அம்மா" என்று சொன்ன பிள்ளை மூன்று வயதில் அதையும் சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றுகிறது. திண்டுக்கல் பக்கம் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், "அவங்க தாத்தாவுக்கும் பேச்சு லேட்டுதான்" என்பார்கள். பிறகு கோயில், மந்திரிப்பு. கடைசியில், "தாய் சரியா கவனிக்கல" என்று பழி வரும். இந்தப் பழி நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. படித்த மருத்துவர்களே அப்படிச் சொன்ன காலம் உண்டு!

பழி வந்த வழி

1943ல் அமெரிக்காவில் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனிக் குறைபாடாக விவரிக்கப்பட்டது. அது பிறவியிலேயே இருப்பது என்றே கானர் கருதினார். ஆனால் அந்தப் பெற்றோர்களில் பலர் பாசம் காட்டாதவர்கள் என்றும் எழுதி வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். 'ஃபிரிட்ஜ் அம்மா' என்ற பட்டமே உண்டானது. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964ல் ஒரு நூல் எழுதி, காரணம் உடற்கூறில் இருக்கிறது என்று வாதிட்டார். அப்படியும் 1967ல் புரூனோ பெட்டல்ஹைம் பழைய பழியையே ஒரு நூலாக எழுதினார். இன்று அந்தக் கருத்து முற்றிலும் கைவிடப்பட்டுவிட்டது.

லோவாஸின் முறை

காரணம் எதுவானாலும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று பார்த்தவர் இவார் லோவாஸ். ஒரு திறமையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிப்பது, ஒரு படி செய்தால் உடனே பிடித்த பொருளைக் கொடுப்பது, மறுபடி செய்யவைப்பது. உதாரணமாக, தண்ணீர் கேட்கவைக்க முதலில் டம்ளரைப் பார்ப்பது, பிறகு கை நீட்டுவது, பிறகு "த" என்ற ஒலி என்று போகும்.

1973ல் லோவாஸ் குழு ஒரு முக்கியமான விஷயத்தை வெளியிட்டது. சிகிச்சைக்குப் பின் காப்பகத்துக்குத் திரும்பிய பிள்ளைகள் கற்றதை இழந்தார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் போனவர்கள் இழக்கவில்லை. குற்றவாளி என்று ஒதுக்கப்பட்ட தாயே ஆசிரியை ஆனது இப்படித்தான்.

1987ல் வந்த ஆய்வில், வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 சிறு பிள்ளைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள் என்றார் லோவாஸ். உலகமே திரும்பிப் பார்த்தது. குறைகளும் உண்டு. பிள்ளைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. அதட்டல், அடி போன்ற தண்டனைகளும் இருந்தன; 1960களில் மின் அதிர்ச்சி கூட! இந்த முறை தங்களைச் 'சாதாரணமாக' நடிக்கவைத்தது என்று வளர்ந்த ஆட்டிசக்காரர்கள் பலர் இன்று கண்டிக்கிறார்கள். இப்போது விளையாட்டோடு சேர்த்துக் கற்பிக்கும் முறைகள் வந்துவிட்டன.

நம் நாட்டில்

வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியுடன் குடும்பமும் தங்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. டெல்லியில் 1991ல் மெர்ரி பருவா தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பும் பெற்றோருக்குப் பயிற்சி தருகிறது. 1995ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 2016ன் உரிமைகள் சட்டத்திலும் இடம் கிடைத்தது.

திண்டுக்கல்லுக்கு என்ன?

வாரம் 40 மணி என்றால் ஆண்டுக்கு 2,080 மணி. வேடசந்தூரில் மில்லுக்கு ஷிப்ட் போகும் தாய்க்கும், நிலக்கோட்டையில் விடியுமுன் பூப்பறிக்கும் தாய்க்கும் அந்த நேரம் எங்கே கிடைக்கும்? சென்னையோ 400 கிலோமீட்டருக்கு மேல்.

இதற்கு ஒரு வழி தெரிகிறது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு நடந்து 2016ல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி தந்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே பெற்றோரிடம் தொடர்பு கொள்வது கூடியது. 2013ல் வந்த மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில், அங்கன்வாடியிலேயே பிள்ளைகளைப் பரிசோதித்து மாவட்ட மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பரிசோதனைப் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு.

தாயை ஆசிரியை ஆக்கியது வரலாற்றின் நல்ல திருப்பம். ஆனால் எல்லாப் பாரத்தையும் தாய் தலையில் ஏற்றிவிட்டு, பிள்ளை பேசவில்லை என்றால் "நீ சரியா சொல்லிக்கொடுக்கல" என்று சொன்னால், அது பழைய பழியேதான். அப்பா, பாட்டி, அங்கன்வாடி டீச்சர் என்று எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய வேலை இது.