மஞ்சாடியும் மகிழுந்தும்: மலேசியத் தேசியக் கார் வரலாற்றில் பற்றும் ஏமாற்றமும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வாழ்வில் மகிழுந்தை வெறும் போக்குவரத்துச் சாதனமாக மட்டும் கருதிவிட இயலாது. தோட்டத்தைவிட்டு நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் முதலில் மிதிவண்டியும், பின்னர் மோட்டார் சைக்கிளும், அதற்கும் பின்னர் காரும் வந்து சேர்ந்த வரிசையே அக்குடும்பங்களின் முன்னேற்ற வரலாறாகச் சொல்லப்படுவதுண்டு. பேச்சுவழக்கில் 'காடி' எனப்படும் அவ்வூர்தி வாசலில் நிற்பது மதிப்பு. நடுவழியில் நின்றுவிடுவது மானக்கேடு.

என் இளமைப் பருவத்தில் எங்கள் வீட்டில் வெளிநாட்டுத் தயாரிப்பான பழைய கார் ஒன்று இருந்தது. தீபாவளிப் பயணங்களில் அது தவறாமல் நின்றுவிடும். என் தந்தையார் அதன் முன்மூடியைத் திறந்துவைத்து, ஆவி அடங்கும்வரை சாலையோரத்தில் காத்திருப்பார். ஆயினும், அடுத்த காரை வாங்கும் வேளையில் அதே வணிகப் பெயரையே தேடிச் சென்றார். காரணம் கேட்டபோது, "பழகிப்போச்சுப்பா, இதோட சீக்கு என்னன்னு எனக்குத் தெரியும்" என்றார். அன்று அவ்விடை எனக்கு நகைப்பாகவே பட்டது. பின்னாளில்தான் அதனுள் ஒரு பொருளியல் உண்மை அடங்கியிருப்பதை உணர்ந்தேன்.

ஒரு பொருள் மீண்டும் மீண்டும் ஏமாற்றம் தந்த பின்னரும் மக்கள் ஏன் அதன்மீது பற்றுக் கொள்கின்றனர்? எந்நிலையில் அப்பற்று அறுந்துபோகிறது? இவ்விரு வினாக்களுக்கும் மலேசியத் தேசியக் காரின் வரலாற்றைக் கொண்டு விடை காண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தேவையான இடத்தில் இந்திய மகிழுந்துத் தொழிலின் அனுபவமும் ஒப்பிடப்பெறுகிறது.

தேசியக் காரின் தோற்றம்

1960களின் பிற்பகுதி தொடங்கி மலேசியாவில் வெளிநாட்டு நிறுவனங்களின் மகிழுந்துகள் பொருத்தப்பட்டு வந்தன. பாகங்கள் கப்பலில் வந்து இறங்கின. உள்நாட்டுத் தொழிலாளர்கள் அவற்றைப் பூட்டினர். சிறிய சந்தையைப் பல நிறுவனங்கள் பங்கிட்டுக் கொண்டமையால், எந்த ஒரு வகையும் பேரளவில் உற்பத்தியாகும் நிலை ஏற்படவில்லை. 1980ஆம் ஆண்டில் ஹைக்கோம் எனப்படும் மலேசியக் கனரகத் தொழிற்கழகம் நிறுவப்பட்டது. 1981ஆம் ஆண்டு சூலையில் பிரதமர் பொறுப்பேற்ற டாக்டர் மகாதீர் முகமது, தேசியக் கார் திட்டத்தை நாட்டின் தொழில்மயத்திற்குரிய ஏணியாகக் கருதினார். 1983ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் புரோட்டோன் நிறுவனம் தோற்றம் பெற்றது. அதில் ஹைக்கோம் 70 விழுக்காட்டுப் பங்கையும், மிட்சுபிசி குழுமத்தைச் சேர்ந்த இரு நிறுவனங்கள் தலா 15 விழுக்காட்டுப் பங்கையும் கொண்டிருந்தன.

1985ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் புரோட்டோன் சாகா அறிமுகம் கண்டது. அது மிட்சுபிசி லான்சர் பியோரே வகையை அடிப்படையாகக் கொண்டது, அதன் 1.3 லிட்டர் இயந்திரமும் மிட்சுபிசியினுடையதே. அவ்வாண்டில் பினாங்குப் பாலத்தின் திறப்பு விழாவில் பிரதமரே சாகாவை ஓட்டிப் பாலத்தைக் கடந்தார். பாலமும் காரும் ஒருசேரப் புதிய நாட்டின் அடையாளங்களாயின. முதல் சாகா கார்களுள் ஒன்று இன்றும் தேசிய அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பெயரின் பொருள்

'சாகா' என்பது பொதுமக்கள் பங்கேற்ற பெயர் தேர்வுப் போட்டியின்வழிக் கிடைத்த பெயராகும். மலாயில் அது செந்நிறமான, கடினமான ஒரு விதையைக் குறிக்கும். அவ்விதையே தமிழில் 'மஞ்சாடி' அல்லது 'ஆனைக்குன்றிமணி' என வழங்கப்படுகிறது. மலாய்ச் சிறுமியர் அதனைக் கொண்டு சொங்காக் ஆடுவர். நம் சிறுமியர் பல்லாங்குழி ஆடுவர். பொற்கொல்லர்கள் பொன்னை நிறுக்க அவ்விதையைப் பயன்படுத்தியமை இரு மரபுகளிலும் காணப்படுகிறது.

தமிழக வரலாற்றில் மஞ்சாடி ஓர் எடையளவும் ஆயிற்று. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொற்கலங்களின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அளவுகளிலேயே கல்வெட்டுகளில் குறிக்கப்பட்டுள்ளது. ஆயின், அப்பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதென்றும் அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. அளவின் பெயர் விதையிலிருந்து வந்தது. நிறுத்ததோ முத்திரை பெற்ற கல். இவ்வேறுபாடு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. பெயர் நம்பிக்கையைத் தோற்றுவிக்கலாம். அந்நம்பிக்கையை நிலைநிறுத்த வேறோர் அளவுகோல் வேண்டும்.

விலகல், குரல், பற்று

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட 'விலகல், குரல், பற்று' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட நூல் இங்குப் பெரிதும் துணைபுரிகிறது. ஒரு நிறுவனத்தின் தரம் குன்றும்போது அதனைச் சார்ந்திருப்போர்க்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, விலகிச் செல்லுதல். மற்றொன்று, குறையை எடுத்துரைத்தல். பற்று என்பது விலகலைத் தாமதப்படுத்திக் குரலுக்கு வாய்ப்பளிக்கும் ஆற்றல் என்பது அவர்தம் கருத்தாகும்.

மலேசியச் சூழலில் விலகல் எளிதாக இல்லை. தேசியக் காருக்கு இறக்குமதி வரியில் சலுகை வழங்கப்பட்டது. வெளிநாட்டுக் கார்கள்மீது உயர்ந்த வரிகள் விதிக்கப்பட்டன. எனவே, நடுத்தர வருவாயினர் சாகாவை வாங்கியதை முழுக்கப் பற்றின் விளைவு எனக் கூறுதல் இயலாது. 1980களின் இறுதியில் உள்நாட்டுப் பயணியர் கார் சந்தையின் பெரும்பகுதி புரோட்டோன் வசமாயிற்று. அதில் எவ்வளவு நாட்டுணர்வு, எவ்வளவு விலைக் கட்டாயம் என்பதைப் பிரித்தறிய விற்பனைக் கணக்கு ஒன்றே போதாது.

ஹிர்ஷ்மன் மற்றோர் உண்மையையும் சுட்டுகிறார். நைசீரியத் தொடர்வண்டித் துறைக்குச் சரக்குந்துகள் போட்டியாக வந்தபோதும் அத்துறை திருந்தவில்லை. ஏனெனில், உரத்துக் குறைகூறக் கூடியவர்களே முதலில் விலகிச் சென்றுவிட்டனர். மலேசியாவிலும் இதனையொத்த நிலையே நிலவியது எனலாம். வரியைச் செலுத்தும் வசதி படைத்தோர் வெளிநாட்டுக் கார்களை வாங்கிக்கொண்டனர். செல்வாக்குள்ள குரல்கள் வெளியேறின. எஞ்சியோரின் குறைகள் காப்பிக்கடை உரையாடலாகவே முடிந்தன.

பற்றின் மெய்யான அடிப்படை

எனினும், முதல் தலைமுறைச் சாகாமீது மக்கள் கொண்ட அன்பைக் கட்டாயத்தின் விளைவு என்று மட்டும் ஒதுக்கிவிடலாகாது. அதன் அடிப்படை வடிவம் 1985 முதல் 2008வரை, பல மாற்றங்களுடன், உற்பத்தியில் நீடித்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலும் வாடகைக் கார் நிலையங்களிலும் அதுவே மிகுதியாகக் காணப்பட்டது. அதன் அமைப்பு எளிமையானது. சிற்றூர்களில்கூட உதிரிபாகங்கள் மலிவாகக் கிடைத்தன. மலாயில் 'போமேன்' எனப்படும் பழுதுபார்ப்பவர் எவரும் அதனைக் கையாள வல்லவராக இருந்தார்.

நம்பகத்தன்மை என்பது இருவகைப்படும். பழுதடையாமை ஒன்று, பழுதடைந்தால் எளிதில் சீர்செய்ய இயலுதல் மற்றொன்று. வருவாய் குறைந்த குடும்பத்திற்கு இரண்டாவதே பெரிது. எப்போதாவது பழுதடைந்து மாதச் சம்பளம் முழுவதையும் விழுங்கும் காரைவிட, அடிக்கடி பழுதடைந்தாலும் ஐம்பது வெள்ளியில் ஓடத் தொடங்கும் கார் மேலானது. என் தந்தையார் 'சீக்கு தெரியும்' என்று சொன்னதன் பொருள் இதுவே. பழகிய குறையின் செலவைக் கணக்கிட முடியும். பழகாத நிறைவின் செலவைக் கணக்கிட முடியாது. ஆகவே, இத்தகைய பற்று அறியாமையாகாது. பட்டறிவின்வழி வந்த கணக்கேயாகும்.

ஏமாற்றத்தின் வளர்ச்சி

1990களில் புரோட்டோன் வேகமாக விரிவடைந்தது. 1993இல் வீரா, 1995இல் பெர்டானா ஆகியவை வந்தன. 1996இல் பிரித்தானிய லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் வாங்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட வாஜா வெளிவந்தது. 2004ஆம் ஆண்டில் ஜென்-2 வகையில் நிறுவனத்தின் சொந்த இயந்திரமான கேம்புரோ இடம்பெற்றது; அக்காலப் பகுதியில் மிட்சுபிசி தன் எஞ்சிய பங்குகளை விற்று விலகிற்று.

தொழில்நுட்பத் தன்னுரிமை கிட்டிய அக்காலமே வாங்குவோரின் மனக்குறை முற்றிய காலமாகவும் அமைந்தது. பொத்தானை அழுத்தியதும் இறங்கிய சன்னல் கண்ணாடி மீண்டும் ஏறுவதில்லை என்னும் கேலி நாடெங்கும் பரவிற்று. சாலைக் கட்டணச் சாவடியில் கதவைத் திறந்து கட்டணம் செலுத்தும் ஓட்டுநர் அக்காலத்து நகைச்சுவையின் நாயகரானார். சன்னல் கண்ணாடி சிறிய பகுதிதான். ஆனால், நாள்தோறும் பிறர் முன்னிலையில் தோற்றுப்போகும் பகுதி அது. பெரிய பழுது பணத்தைக் கரைக்கும். சிறிய பழுது மதிப்பைக் கரைக்கும்.

அரசே இவ்வேமாற்றத்திற்கு உட்பட்டதும் உண்டு. 2008ஆம் ஆண்டில் திரங்கானு மாநில அரசு, பெர்டானாவின் பராமரிப்புச் செலவைக் காரணங்காட்டி, அதிகாரப் பூர்வப் பயன்பாட்டிற்கு மெர்சிடிஸ் கார்களை வாங்கியது. மக்களைத் தேசியக் கார் வாங்கத் தூண்டிய அரசமைப்பின் ஓர் அங்கமே விலகலைத் தெரிவு செய்தமையால் அது பெரும் விவாதத்திற்குரியதாயிற்று.

ஆயினும், தீர்க்கமான விலகல் வேறு திசையில் நிகழ்ந்தது. இரண்டாவது தேசியக் கார் நிறுவனமான பெரோடுவா 1994இல் சிறிய காஞ்சில் காருடன் சந்தைக்கு வந்தது. சப்பானிய டைஹாட்சு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தையே அது தொடர்ந்து பின்பற்றியது. 2005இல் மைவி அறிமுகமாயிற்று. 2006ஆம் ஆண்டில் பெரோடுவா விற்பனையில் புரோட்டோனை முந்தியது. இந்நிகழ்ச்சியின் பொருளை ஆழ்ந்து நோக்கவேண்டும். பெரோடுவாவும் தேசியக் காரே. எனவே, நாட்டுப்பற்றைக் கைவிடாமலேயே வணிகப் பெயரைக் கைவிட மக்களுக்கு வழி பிறந்தது. அதுகாறும் ஒன்றாகப் பிணைந்திருந்த இருவேறு பற்றுகள் அன்று பிரிந்தன.

இந்திய அனுபவம்: ஓர் ஒப்பீடு

இந்திய வரலாறும் இதற்கு ஒப்பாக அமைகிறது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வகையிலிருந்து உருவான அம்பாசடர், உத்தரபாராவில் 1950களின் இறுதி முதல் 2014வரை உற்பத்தி செய்யப்பட்டது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்குவோர் பணம் கட்டிக் காத்திருந்தனர். எந்த ஊரிலும் பழுதுபார்க்க இயலும் என்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. புரோட்டோன் நிறுவப்பட்ட அதே 1983ஆம் ஆண்டின் டிசம்பரில், சுசுகியின் கூட்டுறவுடன் உருவான மாருதி 800 விற்பனைக்கு வந்தது. மாற்றுவழி தோன்றியதும் தனியார் வாங்குவோர் அம்பாசடரைவிட்டு விலகினர். அரசு அலுவலகங்களும் வாடகைக் கார்களுமே அதனை நெடுங்காலம் தாங்கின.

சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் கதை மேலும் துயரமானது. 1960களில் ஹெரால்டு காரால் பெயர் பெற்ற அந்நிறுவனம், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் உயர்விலைக் காரை வெளியிட்டது. புதிய உடலில் பழைய இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. எரிபொருள் செலவும் மிகுதி. 1988இல் உற்பத்தி நின்றது. பழைய நற்பெயரின் வலிமை புதிய குறையை மூன்றாண்டுகளுக்கு மேல் தாங்கவில்லை.

மீட்சியும் அதன் விலையும்

2012இல் புரோட்டோன் டிஆர்பி-ஹைக்கோம் வசமாயிற்று. 2016இல் அரசு 150 கோடி ரிங்கிட் கடனுதவி வழங்கியது. 2017ஆம் ஆண்டில் சீனாவின் கீலி நிறுவனம் 49.9 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. தம் கனவு விற்கப்பட்டதாக மகாதீர் வருந்தினார். ஆனால், 2018 டிசம்பரில் கீலியின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட எக்ஸ்70 வெளிவந்தபின் வாங்குவோர் திரும்பினர்; 2019இல் ஆண்டு விற்பனை ஒரு இலட்சத்தைத் தாண்டிற்று. பங்குடைமையில் நேர்ந்த மாற்றத்தைவிடக் காரின் தரத்தில் நேர்ந்த மாற்றத்தையே மக்கள் கருத்திற்கொண்டனர் என இதனால் அறியலாம்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிபுகளைப் பெறலாம். முதலாவதாக, வணிகப் பெயர்மீதான பற்று பெரும்பாலும் கண்மூடித்தனமானதன்று. பழகிய குறையைக் கணக்கிட்டு மேற்கொள்ளும் தெரிவு அது. இரண்டாவதாக, விலகலைத் தடுக்கும் வேலி நிறுவனத்தைக் காப்பதோடு, அதனைத் திருத்தக்கூடிய குரலையும் அடக்கிவிடுகிறது. மூன்றாவதாக, பற்றாளர்கள் ஆரவாரத்துடன் வெளியேறுவதில்லை. தக்க மாற்று கிட்டும்வரை பொறுத்திருந்து, ஓசையின்றி நீங்குகின்றனர்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இம்மூன்றாவது முடிபு தொலைவிலுள்ள செய்தியன்று. தமிழ்ப்பள்ளியையும் தமிழ்ப்பாடத்தையும் தெரிவு செய்யுமாறு பெற்றோரின் இனவுணர்வை நோக்கி நாம் வேண்டுகோள் விடுக்கிறோம். அவ்வுணர்வு மெய்யானது, போற்றத்தக்கது. ஆனால், குறை கூறும் பெற்றோரைப் பற்றற்றவர் என எண்ணுவோமாயின் பெரும் பிழை செய்தவராவோம். குறை கூறுபவர் இன்னும் விலகாதவர். நாம் அஞ்சவேண்டியது, எதுவும் கூறாமல் அடுத்த பிள்ளையை வேறு பள்ளியில் சேர்ப்பவரைக் குறித்தே.

மஞ்சாடி என்னும் பெயர் பொன்னின் அளவைக் குறித்தது. ஆயினும் இராசராசன் காலத்துப் பண்டாரத்தில் பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்னும் கல்லே. பற்றைக் கோரும் எந்த நிறுவனமும் அத்தகைய கல்லொன்றைத் தன் கையிலேயே வைத்திருத்தல் வேண்டும்.