கழுவெளியை எண்ணியவர்கள்

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் விடிகாலையில் தாம்பரத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கரணைக்குப் போய்ப் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எம்.ஃபில். ஆய்வேட்டுக்கான வேலை. உதவித்தொகை எதுவும் கிடையாது. இரவல் பைனாகுலர், ஒரு நோட்டு, சைக்கிள் டயருக்கு ஒட்டுப்போடக் கொஞ்சம் காசு, அவ்வளவுதான். கோரை அறுக்க வந்த அக்கா ஒருவர் ஒருநாள் கேட்டார்: 'இன்னா தம்பி, கொக்க எண்றதுக்கா காலேஜில அனுப்பறாங்கோ? எவ்ளோ குடுக்கறாங்க?' ஒன்றும் தருவதில்லை என்றேன். 'துட்டும் குடுக்கல, நெலமும் உன்துல்ல. அப்ப யாருக்கோசரம் எண்ற?'

அன்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. தென்சென்னைப் புறநகரின் வரலாற்றை அந்தக் கேள்வியிலிருந்தே எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஊர்க்காரர்கள் அந்தச் சதுப்பைக் 'கழுவெளி' என்றார்கள். வருவாய்த்துறை ஆவணத்துக்கு அது புறம்போக்கு. வரி தராத நிலம் பயனற்ற நிலம் என்பது காலனிய நிர்வாகத்தின் கணக்கு; சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்கின்றன என்பதைச் சொல்ல இங்கே ஃபூக்கோவைக் கூப்பிட வேண்டியதில்லை. தாசில்தார் அலுவலகப் பதிவேடு போதும். 'தரிசு' என எழுதப்பட்ட இடத்தில் குப்பை கொட்டலாம், சாலை போடலாம், கட்டடம் எழுப்பலாம். அப்படித்தான் பெருங்குடிக் குப்பைமேடு வளர்ந்தது. துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடிச் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

கவனிக்கத்தக்க இன்னொன்று உண்டு. இந்தப் பகுதியில் நிலத்தை எடுத்துக்கொண்டவற்றில் அறிவு நிறுவனங்களும் அடக்கம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது சேலையூர்க் காட்டுநிலத்துக்குத்தான். 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்கு இடம் கிண்டிக் காட்டிலிருந்து வெட்டித் தரப்பட்டது. 1993இல் தொடங்கப்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 1998இல் தொடங்கப்பட்ட காற்றாலை ஆற்றல் தொழில்நுட்ப மையம் இரண்டின் வளாகங்களும் பள்ளிக்கரணைச் சதுப்புப் பரப்பின்மீது எழும்பின. நான் எண்ணிக்கொண்டிருந்த இடத்துக்கு ஆராய்ச்சிப் பணம் வராமலில்லை. வந்தது, ஆனால் காம்பவுண்டுச் சுவராக வந்தது.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிடவும் முடியாது. கிறித்தவக் கல்லூரியில் எட்வர்ட் பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். தாவரவியல் அவருக்குச் சம்பளம் தந்த வேலை அல்ல. ஆனாலும் அவரும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்தில் மரம் நட்டார்கள், செடிகளைப் பதிவுசெய்தார்கள். பின்னாளில் அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, சிந்துவெளி எழுத்தையும் கோலத்தின் இலக்கணத்தையும் ஆராய்ந்ததோடு தாம்பரத்துத் தாவரங்களையும் பட்டியலிட்டார். இந்த மண்ணைப் பற்றிய முதல் தரமான அறிவில் ஒரு பங்கு, வேறு வேலைக்குச் சம்பளம் வாங்கியவர்கள் ஓய்வுநேரத்தில் சேர்த்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஓய்வுநேரம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மாலையில் டியூஷன் எடுத்து வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய முதல் தலைமுறை மாணவனுக்கு அது எங்கே கிடைக்கும்? என்னோடு எண்ணத் தொடங்கிய நண்பன் இரண்டாம் வாரமே நின்றுவிட்டான். என்னைவிடக் கூர்மையான கண் அவனுக்கு.

மறுபக்கம், பணம் வாங்கிக்கொண்டு பார்ப்பவர்கள் வந்தார்கள். 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியானது. 2006இல் புதியது வந்தது. இதன்படி ஆய்வறிக்கையைத் தயாரிக்க ஆலோசகரை அமர்த்துபவர், கட்டப்போகிறவரே. கூலியும் அவர் தருவதே. மாப்பிள்ளை வீட்டாரே பெண்வீட்டு ஜாதகத்தையும் எழுதிக்கொள்வது மாதிரி. 2006 அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான கட்டடங்களுக்கு அனுமதி கேட்டது. ஆனால் கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கும் தந்தது. ஆக, கோரை அறுத்த அக்காவை யாரும் கேட்க வேண்டியதில்லை என்பது சட்டமே ஆகிவிட்டது.

அந்த அக்காவுக்கு என்ன தெரிந்திருந்தது? செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பிறகு இந்தக் கழுவெளி, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளத்தில் கடல். விரல்விட்டுச் சொன்னார். நான் பறவைகளை மட்டும் எழுதிக்கொண்டேன். ஆய்வேட்டை இங்கிலீஷில் எழுதினேன்; அவரை 'உள்ளூர்த் தகவலாளி' ஆக்கினேன். கருப்பு ரெக்சின் அட்டையோடு அது ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். எந்தப் பஞ்சாயத்துக்கும் அதனால் பயன் விளைந்ததில்லை. பிறகு நானே ஓர் ஏரி ஆயக்கட்டில் மனை வாங்கினேன். 2015 டிசம்பர் 1 மழையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது, அக்கா சொன்ன பாதையைத் தண்ணீர் என் வீட்டுக் கூடத்தில் வந்து சொல்லிக்காட்டியது.

யாராவது பணம் கொடுத்து ஒழுங்காகப் பார்க்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. 2000களின் தொடக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆதரவோடு கேர் எர்த் அமைப்பு சதுப்பை முறையாக ஆராய்ந்தது. மக்கள் போராட்டங்களும் வழக்குகளும் சேர்ந்துகொள்ள, 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022இல் 1,247.54 ஹெக்டேர் ராம்சர் தலமானது. அந்த உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1982இல். நடுவில் கழிந்தவை நாற்பது வருஷங்கள். 1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் இருந்ததாகக் கணக்கிடப்படும் சதுப்பில் பெரும்பகுதி அதற்குள் மனையாகவும் சாலையாகவும் ஆகிவிட்டது.

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாம்பரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவனால் அப்படிச் சொல்ல முடியாது. சாலை எங்கே, எவ்வளவு உயரத்தில், எத்தனை மதகோடு என்பதைத் தீர்மானிக்க, கட்டுபவரிடம் கூலி வாங்காத ஒருவர் பல மழைக்காலம் அந்த இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். மாணவர்களைத் தவிர அதற்கு யார் இருக்கிறார்கள்? தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் இறுதியாண்டு மாணவர் திட்டங்களுக்குத் தொகை தருகிறது. நல்லதுதான். ஆனால் அவை படிப்பின் கடைசி ஆண்டுக்குள் முடிந்தாக வேண்டியவை. ஏரியோ ஒரு வருஷத்தில் தன்னைக் காட்டிவிடாது. 2022இல் பல்கலைக்கழக மானியக்குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. குறைகள் ஆயிரம் இருந்தாலும், சொந்த ஊரின் ஏரியையும் ஓடையையும் பற்றி எழுத எளிய மாணவர்களுக்கு இருந்த ஒரு வாசல் அது.

மாணவர் ஆய்வு மோசமாக இருக்கும் என்பார்கள். என்னுடையது மோசம்தான். ஆனால் ஆண்டுதோறும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எண்ணி, அதைத் தமிழில் எழுதி, ஊர்ச் சபையில் வைத்திருந்தால், செம்பாக்கத்திலிருந்து கோவளம் வரைக்கும் முப்பது வருஷக் கணக்கு இன்று நம் கையில் இருந்திருக்கும். அதற்கான பணம் ஒரு மேம்பாலத் தூணின் விலைக்குக்கூட வராது. அது இல்லாததால்தான் ஒவ்வொரு டிசம்பரிலும் 'எதிர்பாராத மழை' என்கிறோம். அக்கா அதை எதிர்பார்த்திருந்தார். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளத்தான் யாருக்கும் சம்பளம் தரப்படவில்லை.