ஆகாயத்தாமரை நம் ஏரிக்கு வந்த கதை

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போனவர்கள், தண்ணீரே தெரியாமல் படர்ந்து கிடக்கும் பச்சைச் செடியைப் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்தில் ஆகாயத்தாமரை என்கிறோம். வைத்தியத்தில் சொல்லும் ஆகாயத்தாமரை வேறு. அது சிறிய முட்டைக்கோசு போல மிதக்கும். ஊதாப் பூ பூக்கும் இதன் சரியான பெயர் வெங்காயத்தாமரை. இலைத்தண்டு வெங்காயம் போல உப்பியிருப்பதால் வந்த பெயர்.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. பூவின் அழகுக்காக ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1890களில் வங்காளத்துக்கு வந்தது. கொஞ்ச காலத்தில் அங்கே ஆறுகளில் படகு போக வழியில்லை, நெல் வயல்கள் மூடிக்கொண்டன. முதல் உலகப் போர் சமயத்தில் ஜனங்கள் இதற்கு "ஜெர்மன் பானா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1936-ல் இதை ஒழிக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். 1937 தேர்தலில் கட்சிகள் இதை ஒழிப்பதாக வாக்குறுதியும் கொடுத்தன. சட்டத்துக்கும் ஓட்டுக்கும் அது அடங்கவில்லை. சத்துள்ள தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். விதை சேற்றுக்குள் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல முயற்சி நடந்தது. 1980களின் தொடக்கத்தில் பெங்களூர் விஞ்ஞானிகள் இந்தச் செடியை மட்டுமே தின்று வாழும் ஒரு சிறிய கூன்வண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்து, சோதித்து, ஹெப்பால் ஏரியில் விட்டார்கள். சுமார் மூன்று ஆண்டுகளில் ஏரியின் பெரும்பகுதி தெளிந்தது. மருந்து அடிக்கவில்லை, ஆள்கூலியும் இல்லை.

பிறகு ஏன் இன்னும் தீரவில்லை? தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் ஓரமாக வந்து, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் சேர்த்துக்கொண்டு நம் எல்லைக்குள் நுழைகிறது. அதோடு நம் ஊர்ச் சாக்கடையும் சேருகிறது. சாக்கடையில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் இந்தச் செடிக்குச் சாப்பாடு. வண்டு தின்பதைவிட வேகமாக அது வளர்ந்துவிடுகிறது. பொறுமையில்லாமல் இயந்திரம் வைத்து அள்ளும்போது வண்டும் சேர்ந்து போய்விடுகிறது.

நம் பெரியவர்கள் குடிமராமத்து என்று கோடையில் ஏரி வண்டலை வெட்டி, மாட்டு வண்டியில் வயலுக்கு அடித்தார்கள். ஏரியில் சேர்ந்த சத்து அப்படி நிலத்துக்குத் திரும்பியது. அந்தப் பழக்கத்தோடு பிரிட்டிஷ் ஆட்சி 1858-ல் சட்டம் போட்டுக் கட்டாய வேலையையும் சேர்த்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது.

தோட்டத்தில் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. பத்துச் செடி இருக்கும்போதே, பூக்கும் முன் வேரோடு எடுத்துவிடுங்கள். கரையிலேயே போட்டால் மழையில் மறுபடி உள்ளே போகும். தள்ளிப் போட்டு மட்க விடுங்கள். ஆனால் ஆலைக் கழிவு கலக்கும் தண்ணீரில் வளர்ந்த செடியை உரமாகவோ மாட்டுக்குத் தீனியாகவோ போடாதீர்கள். அது ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சி வைத்திருக்கும். மாட்டுத்தொழுவத் தண்ணீரும் உரம் கரைந்த தண்ணீரும் குட்டைக்குள் வராதபடி ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள்.

குட்டைக்கு ஒரு வாய்க்கால் போதும். ஆற்றுக்கு, இரண்டு மாநிலமும் சாக்கடையைச் சுத்திகரித்து விட்டால்தான் வழி. அதுவரை ஒவ்வோர் ஆண்டும் அள்ளிக்கொண்டேதான் இருப்போம்.